மட்டக்களப்பு – சென்னை 608 கி.மீ., ஒன்றேகால் மணித்தியாலம் என்று காட்டுகிறது. வீட்டிலிருந்து உண்மையில் எவ்வளவு நேரம்?

களுவாஞ்சிக்குடி மகள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. வலது கண்ணின் விழித்திரை நடுவில் சின்னத் துளை விழுந்திருக்கிறது. சித்தி சென்னையில் இருப்பதால் அங்கேயே காட்டுவோம் என்று முடிவெடுத்தோம். திங்கட்கிழமை காலை 10 மணிக்கு டாக்டரைப் பார்க்க நேரம் எடுத்தாயிற்று.

தூரம் காட்டும் ஒரு தளத்தில் மட்டக்களப்பையும் சென்னையையும் கொடுத்துப் பார்த்தேன். 608 கி.மீ., பறக்கும் நேரம் ஒன்றேகால் மணித்தியாலம் என்று வந்தது. அதைப் பார்த்த தம்பி, "ஞாயிறு விடிய வெளிக்கிட்டால் பகல் சாப்பாட்டுக்குச் சென்னையில் நிற்கலாம்" என்கிறான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அம்மாவுக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது, நெடுநேரம் காலைத் தொங்கப்போட்டு இருக்க ஒண்ணா. போய் வந்தவர்கள் வீட்டுப் படலையிலிருந்து கணக்குச் சொல்லுங்கள்.

வாவிக்கரை

பிள்ளை, நான் முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அட்லஸை எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அந்தத் தளம் காட்டியது சரியான தூரம். சென்னை விமான நிலையம் வடக்கு 12.99 பாகையில் இருக்கிறது. திமிலைதீவுப் பக்கத்து எங்கள் ஓடுபாதை 7.70. வித்தியாசம் 5.29 பாகை. இந்தப் பக்கத்தில் அகலக்கோட்டில் ஒரு பாகை ஏறக்குறைய 110.6 கி.மீ., ஆகவே வடக்கே 585 கி.மீ. கிழக்கு மேற்கு வித்தியாசம் ஒன்றரைப் பாகை, அது 165 கி.மீ. அளவு. இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கமாக வைத்தால் கர்ணம் 608 வருகிறது. ஓ/எல் (பத்தாம், பதினோராம் வகுப்பு) பிள்ளையும் போடக்கூடிய கணக்குத்தான். தூரம் கூடக்கூட பூமியின் வளைவையும் சேர்த்துப் பெருவட்டத் தூரமாகப் போட வேண்டும். சென்னை அளவுக்கு இது போதும்.

இனிமேல் சொல்வதைக் கவனியுங்கள். கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு 644 கி.மீ. நாங்கள் கட்டுநாயக்கவை விட 36 கி.மீ. சென்னைக்குக் கிட்ட இருக்கிறோம்! வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், அளந்து பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் எங்களிடமிருந்து சென்னைக்கு அட்டவணை விமானம் இல்லை. அதனால் நீங்கள் முதலில் மேற்கே போக வேண்டும், அதோடு 58 கி.மீ. தெற்கேயும் இறங்க வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் அந்த முதல் ஏழு மணித்தியாலம் ஓடி முடிந்ததும் நீங்கள் சென்னைக்கு முன்பை விடத் தூரத்தில் நிற்கிறீர்கள்.

எங்கள் விமான நிலையம் 1958ல் திறந்தது. ஏர் சிலோன் விமானம் வந்து போன காலத்தை அறிந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். போர்க்காலத்தில் விமானப்படையின் தளமாகிப் போனது. 2018 மார்ச்சில்தான் பொதுமக்களுக்கு மீண்டும் திறந்தார்கள். பெயரில் சர்வதேசம் என்பது பிறகு சேர்ந்தது. ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுதான். கொழும்பு–சென்னை ஓடும் ஏ320 வகை ஜெட் நிறைந்த பாரத்தோடு எழும்ப அதற்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். சுழல்விசிறி வைத்த ஏடிஆர் 72 போன்றதற்கு இந்த நீளம் பெரும்பாலும் போதும். நேரடி விமானம் வருமா என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதைத்தான்: ஜெட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், ஏடிஆரைக் கேட்போம்.

ஓட்டமாவடி வான்

அக்கா, நான் எயார்போட் ஹயர் (வாடகை வான்) ஓடுகிறேன். மாதத்தில் எட்டுப் பத்துத் தடவை கட்டுநாயக்க போய் வருவேன். பூமிக் கணக்கை நான் சொல்கிறேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி டவுனுக்கு முக்கால் மணித்தியாலம் வையுங்கள். டவுனிலிருந்து கட்டுநாயக்க 300 கி.மீ. அளவில் வரும். வாழைச்சேனை, புனாணை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல். இரவில் நல்ல ஓட்டமென்றால் ஆறு, ஆறரை. பகலில் ஏழரைக்குக் குறையாது. தம்புள்ளையில் மரக்கறி லொறிகள் நின்றால் அதற்கு மேலும் போகும். குருநாகலிலிருந்து மீரிகம வரை 2022ல் திறந்த அதிவேகப் பாதை இருக்கிறது. அதில் ஏறினால் முன்பு ஊர்ந்து போன அந்தத் துண்டு சட்டென்று முடிந்துவிடும்.

புனாணையிலிருந்து வெலிக்கந்தை வரையும், பிறகு மின்னேரியா ஹபரணைப் பக்கமும் யானை. இரவு பத்துக்கு மேல் அந்த இடங்களில் நான் 40க்கு மேல் மிதிப்பதே இல்லை. யானை றோட்டில் நின்றால் ஹோர்ன் அடிக்காமல் லைட்டைக் குறைத்துவிட்டு நிற்க வேண்டியதுதான், அது எப்போது விலகுமோ அப்போதுதான் பயணம். இதற்கென்றே அரை மணித்தியாலம் கூட வைத்து வெளிக்கிடச் சொல்வேன். சில பேர் "டிரைவர் தூங்குகிறார், வேகமாகப் போகச் சொல்லுங்கள்" என்று பின்னாலிருந்து சொல்வார்கள். அந்தக் காட்டில் வேகமாகப் போகச் சொல்லாதீர்கள்.

மகாஓயா, மஹியங்கனை, கண்டி வழி கிட்ட என்று அம்பாறைப் பக்கத்து ஆட்கள் போவார்கள். மஹியங்கனைக்கு அங்கால் பதினெட்டு வளைவு இருக்கிறது. சீனி வருத்தமுள்ள அம்மாவைச் சத்தியெடுக்க வைக்க வேண்டாம். தட்டையான பாதையால் வாருங்கள்.

உங்கள் தம்பி சொல்லும் கணக்கு நடக்காது. ஞாயிறு விடிய 5க்கு வெளிக்கிட்டால் எயார்போட் வாசலுக்கு வரவே பகல் ஒரு மணி. அதற்குப் பிறகு மூன்று மணித்தியாலம் உள்ளே இருக்க வேண்டும். சனி இரவு வெளிக்கிடுங்கள்.

கல்லாறு

ரெயிலை யாரும் சொல்லவில்லையே. மட்டக்களப்பு–கொழும்பு கோட்டை 348 கி.மீ., பாதை 1928லிருந்து இருக்கிறது. இரவு ரெயிலில் படுக்கை எடுத்தால் அம்மா காலை நீட்டிக்கொண்டு வரலாம். வான் சீட்டில் ஏழு மணித்தியாலம் மடங்கி இருப்பதை விட அது நல்லது. கோட்டையில் இறங்கினால் எயார்போட்டுக்கு 187 பஸ் இருக்கிறது, ஒரு மணித்தியாலம் ஆகும். கோட்டை வரை போகாமல் வேயங்கொடையிலோ றாகமையிலோ இறங்கினால் இன்னும் கிட்ட. உங்கள் ரெயில் அங்கே நிற்குமா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஓட்டமாவடி வான்

கல்லாறு அண்ணன் சொல்வது உடம்புக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஹபரணைப் பக்கம் யானை ரெயிலுக்கும் வருகிறது. 2025 பெப்ரவரியில் எங்கள் மட்டக்களப்பு ரெயில் கூட்டத்தோடு மோதித் தடம் புரண்டதும் ஆறு யானைகள் செத்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். ரெயில் இரண்டு மணித்தியாலம் பிந்தினால் அடுத்த வேலைக்குப் போகிறவருக்கு நட்டமில்லை. விமானத்துக்குப் போகிறவருக்கு டிக்கெட்டே போய்விடும். ரெயிலில் வருவதானால் காலை விமானம் வேண்டாம், பகலுக்குப் பிறகு உள்ளதை எடுங்கள்.

களுவாஞ்சிக்குடி மகள்

வாவிக்கரை சேர், ஓட்டமாவடிக் காக்கா, கல்லாறு அண்ணன், மூவருக்கும் நன்றி. தம்பிக்குக் காட்டினேன், பேசாமல் இருக்கிறான்.

இரண்டு கேள்வி. மட்டக்களப்பிலிருந்து சின்ன விமானத்தில் கட்டுநாயக்க போகலாம் என்கிறார்களே, அது சரிவருமா? மற்றது, 644 கி.மீ.க்கு ஜெட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவாகத்தானே வர வேண்டும்? டிக்கெட்டில் ஒரு மணித்தியாலம் 25 நிமிடம் என்று போட்டிருக்கிறது.

வாவிக்கரை

சின்ன விமானம் என்றால் செஸ்னா கரவன் வகை. பத்துப் பேருக்கும் குறைவாகத்தான் ஏற்றும். நேர்கோட்டில் கட்டுநாயக்க 206 கி.மீ., முக்கால் மணித்தியாலப் பறப்பு. வசதிதான், ஆனால் பஸ் போல நினைத்த நாளில் கிடைக்காது, விலையும் வேறு. சாமான் நிறையும் மட்டு. உங்கள் திகதிக்கு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதை நம்பி மற்ற ஏற்பாட்டை விட்டுவிட வேண்டாம்.

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. ஜெட் 830 கி.மீ. வேகத்தில் ஓடுவது மேலே ஏறி நிமிர்ந்த பிறகுதான். பத்துக் கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறவே ஏறக்குறைய 200 கி.மீ. தூரம் தேவை. இறங்கத் தொடங்குவதும் சென்னைக்கு 180, 200 கி.மீ. முன்பிருந்து. 644ல் அந்த இரண்டையும் கழியுங்கள். முழு வேகத்தில் போவது நடுவில் 250 கி.மீ.தான். அதோடு டிக்கெட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரமல்ல. இங்கே விமானம் நிறுத்திய இடத்திலிருந்து அசையத் தொடங்கியது முதல் அங்கே போய் நிற்கும் வரை. ஓடுபாதை முனைக்கு உருண்டு போவதும் வரிசையில் நிற்பதும் சென்னைக்கு மேலே வட்டமிட வைப்பதும் அதற்குள் அடங்கும். ஆகவே குறுந்தூரப் பயணத்தில் கிலோமீட்டரை வேகத்தால் வகுத்தால் பிழையான விடைதான் வரும். அந்தத் தளங்கள் வகுத்துவிட்டு ஒரு அரை மணித்தியாலம் சேர்ப்பது இதற்காகத்தான்.

சென்னைக்கும் எங்களுக்கும் நேரம் ஒன்றே, மணிக்கூட்டைத் திருப்பத் தேவையில்லை. முன்பு அப்படி இருக்கவில்லை. 1996 மே மாதம் இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள், அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் பழையபடி இந்தியாவோடு ஒன்றாக வந்தது. அந்தப் பத்து வருடமும் வாவிக்கு அங்கால், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த படுவான்கரையில் பழைய நேரமே ஓடியது. துறையைக் கடந்தால் நேரம் மாறும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கூட்டம் வைத்தால் "பழைய நேரமா புதிய நேரமா" என்று எழுதித்தான் அனுப்புவோம். நேரவலயம் படிப்பிக்க எனக்கு உலகப் படம் தேவைப்படாத காலம் அது.

கொக்கட்டிச்சோலை

நான் கலியாணம் கட்டியது சுன்னாகத்தில். அதனால் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலைய வழி எனக்குப் பழக்கம். அக்கா அதையும் யோசியுங்கள். பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. இடையில் நின்று 2022 டிசம்பரில் சென்னை விமானம் திரும்பவும் தொடங்கியது. 2024 செப்டெம்பரிலிருந்து இண்டிகோ விமானமும் ஓடுகிறது. நான் போனபோது பின்னேரம் புறப்பட்டது, எங்களைப் போல் தூரத்திலிருந்து போகிறவர்களுக்கு அது வசதி.

பலாலி–சென்னை 355 கி.மீ. மட்டுந்தான். ஆனாலும் ஒன்றேகால் மணித்தியாலம் ஆகிறது. தூரம் பாதிக்குக் கிட்ட, நேரம் கொழும்பிலிருந்து போவதற்கு ஏறக்குறைய அதே. ஏடிஆர் மணிக்கு 500 அளவில்தான் போகும், அதுதான் காரணம். குறைவது பறக்கும் நேரமல்ல, நிலையத்துக்குள் நிற்கும் நேரம். சின்ன இடம், சின்ன வரிசை. வயதானவரைக் கூட்டிக்கொண்டு நடக்கும் தூரம் கட்டுநாயக்கவில் நடப்பதில் கால்வாசியும் இல்லை.

ஓட்டமாவடி வான்

பலாலிக்கும் ஓடியிருக்கிறேன். எங்களுக்கு அங்கே போக 400 கி.மீ. அளவில் வருகிறது. ஹபரணை வரை அதே பாதை, பிறகு மறதன்கடவலையில் ஏ9 றோட்டுக்கு ஏறி மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி. எட்டு மணித்தியாலம். கட்டுநாயக்கவை விட ஒரு மணித்தியாலம் கூட. ஆனால் குருநாகல் நெரிசல் இல்லை, வவுனியா தாண்டினால் றோட்டு நேர். விடிய 4க்கு வெளிக்கிட்டால் பகல் 12க்குப் போய்விடலாம், பின்னேர விமானத்துக்கு அளவான நேரம். இரவு முழுக்க விழித்திருக்கத் தேவையில்லை.

எனக்கு எந்த வழி போனாலும் ஹயர்தான், அதனால் ஒரு பக்கம் சாய்ந்து சொல்லவில்லை. அம்மாவுக்கு இரவில் தூங்க வேண்டுமென்றால் பலாலி. றோட்டில் இருக்கும் நேரம் குறைய வேண்டுமென்றால் கட்டுநாயக்க.

சாய்ந்தமருது – டோஹா

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். சென்னைக்குப் போகிறவருக்கு இது நேரடியாகப் பயன்படாது. ஆனால் தலைப்பைப் பார்த்து எங்கள் பகுதி ஆட்கள் நிறையப் பேர் வருவார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

கொழும்பு–டோஹா 3,600 கி.மீ. சொச்சம், ஐந்து மணித்தியாலப் பறப்பு. டிக்கெட்டில் புறப்படுவது 4.00, சேர்வது 6.45 என்று இருக்கும். எங்கள் உம்மா முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு "கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போவதை விடக் கிட்டத்தானே மகன்" என்று சந்தோசப்பட்டார். கத்தார் எங்களை விட இரண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. 4.00க்கு ஏறினால் எங்கள் நேரம் 9.15க்கு இறங்குகிறது, அதுதான் அங்கே 6.45. திரும்பி வரும்போது டோஹாவில் இரவு 7க்கு ஏறினால் கட்டுநாயக்கவில் இரவு 2.15. மணிக்கூட்டில் ஏழேகால், பறந்தது நாலே முக்கால். வரும்போது அரை மணித்தியாலம் குறைவதற்கு மேலே மேற்கிலிருந்து வீசும் காற்று காரணம், அது போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும்.

இதை விடப் பெரிய விசயம் திகதி. என் மச்சானுக்கு 15ம் திகதி 01.30க்கு விமானம். அவர் 15ம் திகதி பகல் வீட்டில் பயணம் சொல்லி, சொந்தக்காரர் எல்லோரும் வந்து கட்டிப்பிடித்து அழுது, வான் வண்டியில் ஏறிப் போனார். எயார்போட்டில் அவருடைய விமானம் அன்று விடியச்சாமமே போய்விட்டது என்றார்கள். 15ம் திகதி 01.30 என்றால் 14ம் திகதி இரவு. எங்களுக்கு எட்டு மணித்தியாலப் பயணமும் இருப்பதால் 14ம் திகதி பகலே ஊரை விட வேண்டும். ஏஜென்சி ஆள் திகதியை மட்டும் சொல்லியிருந்தார், கிழமையைச் சொல்லவில்லை. புது டிக்கெட்டுக்குக் கடன் வாங்கினார், அந்தக் கடனைக் கட்டியது அவருடைய முதல் இரண்டு மாதச் சம்பளம். அந்த இரவை நான் மறக்கவில்லை, வீட்டில் பயணம் சொன்ன பெண்பிள்ளைகள் அவர் திரும்பி வாசலில் வந்து நின்றதும் என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றார்கள்.

நள்ளிரவு 12க்கும் விடிய 5க்கும் இடையில் உள்ள எந்த டிக்கெட்டாக இருந்தாலும் தாளில் அதற்கு முந்திய நாள் திகதியையும் கிழமையையும் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டுங்கள்.

அக்கரைப்பற்று தாதி

களுவாஞ்சிக்குடி அக்கா, விழித்திரைத் துளை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கண் விடுதியில் வேலை செய்தவள், அதனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். போகும் பயணத்தை மட்டும் எல்லோரும் கணக்குப் போட்டிருக்கிறீர்கள், வரும் பயணம் வேறு மாதிரி.

அந்தச் சத்திரசிகிச்சையில் துளை மூடுவதற்காகப் பெரும்பாலும் கண்ணுக்குள் வாயுக்குமிழ் ஒன்றை வைப்பார்கள். குமிழ் கரையும் வரை விமானத்தில் ஏறவே கூடாது. விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் உள்ளது போல இருக்காது, நுவரெலியா அல்லது ஹோர்ட்டன் சமவெளி உயரத்தில் நிற்பது போலத்தான் வைத்திருப்பார்கள். அழுத்தம் குறைந்தால் வாயு மூன்றில் ஒரு பங்கு வரை பெருக்கும். கண் மூடிய பாத்திரம், விரிய இடமில்லை. உள்ளழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் நின்று பார்வையே போகலாம். ஒரு மணித்தியாலப் பயணந்தானே என்று நினைக்கக் கூடாது, ஆபத்து ஏறும் முதல் இருபது நிமிடத்திலேயே இருக்கிறது. ஏடிஆர் தாழப் பறக்கும் என்றாலும் அதே விதிதான்.

குமிழ் கரைய வாயுவின் வகையைப் பொறுத்து இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். எண்ணெய் வைத்தால் இந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் அதை எடுக்க இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டும். திரும்பும் டிக்கெட்டை இப்போது எடுக்காதீர்கள், அல்லது திகதி மாற்றக்கூடியதாக எடுங்கள். "என்ன வாயு, எப்போது பறக்கலாம்" என்று டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். வேறு ஏதாவது சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பதானாலும் கண்ணுக்குள் வாயு இருப்பதை முதலில் சொல்ல வேண்டும்.

களுவாஞ்சிக்குடி மகள்

தங்கச்சி, இதை நீங்கள் எழுதாவிட்டால் நாங்கள் ஒரு கிழமையில் திரும்பும் டிக்கெட்டை எடுத்திருப்போம். தம்பி அதற்குக் காசு கட்டப் போன நேரத்தில்தான் உங்கள் பதிலைப் பார்த்தேன். நிறுத்திவிட்டோம்.

கட்டுநாயக்க வழியே போகிறோம், ஞாயிறு காலை விமானம். காக்காவின் வானையே பேசிவிட்டோம்.

களுவாஞ்சிக்குடி மகள்

சென்னையிலிருந்து எழுதுகிறேன். கேட்டவர்களுக்காக நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்தேன்.

சனி இரவு 7.00 வீட்டில் வெளிக்கிட்டோம். பொலன்னறுவையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியதும், மின்னேரியாவில் ஒற்றை யானைக்காக இருபது நிமிடம் நின்றதும் சேர்த்து கட்டுநாயக்க வாசல் 3.10. சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தோம், அது பெரிய உதவி. 7.30 விமானம், சக்கரம் நிலத்தை விட்டது 7.52. சென்னையில் தொட்டது 9.02. இமிகிரேஷன், சாமான் எல்லாம் முடித்து வெளியே வர 10.15. சித்தி வீட்டுக்கு 11.10.

மொத்தம் 16 மணித்தியாலம் 10 நிமிடம். அதில் வானத்தில் இருந்தது 70 நிமிடம். விமானத்தில் அம்மா ஜன்னல் பக்கம் இருந்து கண்ணை மூடித் திறந்தார், வந்துவிட்டோமா என்று கேட்டார். றோட்டில் வானை நிறுத்தி நான்கு தடவை இறக்கி நடக்க வைத்தோம், கால் வீங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சத்திரசிகிச்சை நடந்தது. தங்கச்சி சொன்னபடி வாயுதான் வைத்திருக்கிறார்கள். குப்புறப் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். குறைந்தது மூன்று கிழமைக்குப் பறக்க வேண்டாம் என்று எழுதித் தந்தார்கள். அவ்வளவு நாள் நிற்பதா, அல்லது கப்பலில் வரலாமா? நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் பற்றித் தம்பி சொல்கிறான்.

கொக்கட்டிச்சோலை

கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் திரும்பவும் ஓடத் தொடங்கியது. 110 கி.மீ. அளவுதான், நான்கு மணித்தியாலம். கடல் மட்டத்திலேயே வருவதால் அழுத்தப் பிரச்சினை இல்லை. ஆனால் சென்னையிலிருந்து நாகைக்கு ஒரு இரவு ரெயில், பிறகு கப்பல், பிறகு காங்கேசன்துறையிலிருந்து வீட்டுக்கு எட்டரை மணித்தியாலம். கடல் குழம்பினால் கப்பல் விடமாட்டார்கள், மாரியில் நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் எடுக்க முன் அந்தக் கிழமை ஓடுகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

அக்கரைப்பற்று தாதி

அழுத்தத்தைப் பொறுத்தவரை கப்பல் சரிதான். ஆனால் குப்புறப் படுக்க வேண்டிய நாட்களில் கப்பலில் ஆட்டி, ரெயிலில் குலுக்கிக் கொண்டுவருவது நல்லதல்ல. சத்தியெடுத்தால் கண்ணில் அழுத்தம் ஏறும். சித்தி வீடு இருக்கும்போது மூன்று கிழமையும் நில்லுங்கள் அக்கா. பிறகு பரிசோதித்துக் குமிழ் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பறந்தே வரலாம். பார்வையில் கீழே ஒரு நீர்மட்டக் கோடு ஆடுவது போல அம்மாவுக்குத் தெரியும். அது தெரியும் வரை குமிழ் இருக்கிறது.

களுவாஞ்சிக்குடி மகள்

வந்து சேர்ந்துவிட்டோம். 25 நாள் நின்றோம். நீர்மட்டக் கோடு சின்ன வட்டமாகிப் பிறகு காணாமலே போனது என்று அம்மா சொன்னார், டாக்டரும் பார்த்துவிட்டுக் குமிழ் இல்லை என்று எழுதித் தந்தார்.

திரும்பியது பலாலி வழி. சித்தி வீட்டில் காலை 10.00க்கு வெளிக்கிட்டு, பின்னேரம் 4.00 ஆகும்போது பலாலிக்கு வெளியே நின்றோம். கொக்கட்டிச்சோலை அண்ணன் சொன்னது போல உள்ளே நடக்கும் தூரம் குறைவு. அன்றே வீட்டுக்கு ஓடாமல் சுன்னாகத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, அடுத்த நாள் விடிய 5க்கு வெளிக்கிட்டுப் பகல் 1.20க்கு வீடு. படுத்த நேரத்தைக் கழித்தால் 14 மணித்தியாலம் 20 நிமிடம். அம்மாவுக்கு இந்தப் பயணம்தான் இலேசாக இருந்தது என்கிறார். துளை மூடிவிட்டது, பார்வை வரச் சில மாதம் ஆகுமாம்.

திருக்கோவில்

இதை முழுக்க வாசித்துவிட்டு என் மகனின் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். றியாத், 17ம் திகதி 00.55 என்று இருக்கிறது. 17ம் திகதி பகல் 12க்கு வான் சொல்லியிருக்கிறோம். இது சரியா தம்பி?

சாய்ந்தமருது – டோஹா

இல்லை ஐயா, உடனே மாற்றுங்கள். 17ம் திகதி 00.55 என்றால் 16ம் திகதி நள்ளிரவு தாண்டி 55 நிமிடம். 16ம் திகதி இரவு 9.30க்கு மகன் எயார்போட் வாசலில் நிற்க வேண்டும். திருக்கோவிலிலிருந்து எட்டரை மணித்தியாலம் வையுங்கள், யானைக்கு அரை மணித்தியாலம். 16ம் திகதி பகல் 12க்கே வான் வீட்டு வாசலில் நிற்கட்டும்.

திருக்கோவில்

16ம் திகதி 11.30க்கு வரச் சொல்லி இப்போதுதான் வான்காரரோடு பேசினேன். தாளிலும் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டோம்.